நூறு வீச்சில் பதினொரு புல்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம்தான். இருப்பது ஒரே தலை, அதற்கு வேறு வேலைகளும் உண்டு என்பதால் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம். நம்புகிறவர்கள் மேலே படிக்கலாம். நம்பாதவர்களும் படிக்கலாம், அவர்களுக்கென்று தனிக்கதை எதுவும் எழுதி வைக்கவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்குப் புல்லெண்ணி வீட்டை விட்டுக் கிளம்புவார். தோளில் முழ நீளம், முழ அகலத்தில் ஓர் இரும்புச் சட்டம். சட்டைப்பையில் பென்சில், கக்கத்தில் நோட்டு. நிலத்துறையில் அவருக்குப் புல்லை எண்ணுகிற வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர அதை வேறு யாரும் உபயோகிப்பதில்லை.

எண்ணுவதற்கு ஒரு விதி இருந்தது. மேய்ச்சல் வெளிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சட்டத்தை இடது தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீச வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்து எறிந்தால் கண் தனக்குப் பிடித்த இடத்துக்குக் கையை இழுத்துக்கொண்டு போய்விடும். விழுந்த சட்டத்துக்குள் உயிருள்ள புல்லின் தூர் இருந்தால் நோட்டில் ஒரு கோடு. இல்லையென்றால் ஒரு சுழி. நூறு தடவை வீசினால் ஒரு வருடக் கணக்கு முடிந்தது.

அந்த வெளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மண் அவ்வளவு ஏழை மண். அதைக் கடந்து போகிற எறும்புகள் வழிச்சாப்பாடு கட்டிக்கொண்டுதான் கிளம்பும். இரண்டு சாண் தோண்டினால் பாறை. ஒரு தூருக்கும் அடுத்த தூருக்கும் நடுவே இருக்கிற தூரத்தில், வெட்டுக்கிளிகள் வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படும். காற்று ஒருமுறை புல்லெண்ணியின் குடையைப் பிடுங்கிக்கொண்டு போய், மூன்று வருடம் கழித்துக் கொண்டுவந்து போட்டது. ஒடிந்திருந்த கம்பி ஒன்று சரிசெய்யப்பட்டிருந்தது. வருடத்தில் ஒன்பது மாதம் அந்த வெளி வெளுத்த சாக்கு விரித்தமாதிரி கிடக்கும். மழை விழுந்த நான்காம் நாள் ஒவ்வொரு தூரும் கண் திறக்கும்.

அந்த வெளியில் புல்லெண்ணியின் அண்ணன் முந்நூறு ஆடு மேய்த்தார். மேய்ப்பதில் அவருக்குத் தனி முறை. மந்தையை நெருக்கமாக விடமாட்டார், சிதறடித்து நடத்துவார். ஒரு தூரில் மூன்று கடி, அதோடு அடுத்த தூருக்கு நகர வேண்டும். நான்காவது கடிக்கு எந்த ஆடாவது வாய் வைத்தால் மந்தையின் மூத்த பெட்டை தலையைத் தூக்கி அதை ஒரு பார்வை பார்க்கும். அந்த ஆடு இரண்டு நாள் யார் முகத்திலும் முழிக்காது. ஒரு பக்கம் மேய்ந்து முடித்தால், அங்கே மழை பெய்து கதிர் விட்டு விதை விழும்வரை அண்ணன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மந்தை புல்லெண்ணியின் வீட்டுப் பின்பக்கமாகத் திரும்பும். அண்ணன் கொல்லைக் கதவடியில் நின்றபடியே டீ குடிப்பார். “வெயில் ஜாஸ்தி” என்பார். “ஆடெல்லாம் சரி” என்பார். “வர்றேன்” என்பார். பதினான்கு வருடமாக இந்த மூன்று வாக்கியம்தான். அதற்குமேல் அண்ணன் தம்பிக்குள் பேச என்ன இருக்கிறது.

இப்போது ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. இருந்தாலும் ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது புல்லெண்ணி எந்த வேலையில் இருந்தாலும் தலையை லேசாகச் சாய்த்துக்கொள்வார். காதில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று அலுவலகத்தில் இரண்டு பேர் சொட்டுமருந்து சிபாரிசு செய்தார்கள்.

அண்ணன் போய் இரண்டு வருடம் ஆகிறது. போகவைத்தது தம்பியின் நோட்டு.

நடந்தது இதுதான். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. தண்ணீருக்காக மந்தையை மூன்று மணிநேரம் நடத்த வேண்டியிருக்கிறது என்று அண்ணன் நான்காவதாக ஒரு வாக்கியம் சொன்னார். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. அதே வாரம் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது: நலிந்த நிலங்களைக் கண்டறிந்து எழுதுக, உதவி வழங்கப்படும். புல்லெண்ணி கணக்குப் போட்டார். நிலம் ரொம்ப மோசம் என்று எழுதினால் துறை ஒரு தண்ணீர்த்தொட்டி கட்டும். ஆடுகளுக்கு ஒரு நிழற்கூரையும் வரலாம். மற்ற வருடங்களில் நூறு வீச்சுக்கு முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று கோடு விழும். அந்த வருடம் அவர் வெளியைப் பார்த்து நின்றுகொண்டு, தூர் இல்லாத இடமாகத் தேடித் தேடி எறிந்தார். நூறில் பதினொன்று. மொத்தமாக ஏமாற்றக் கூடாது என்ற நேர்மையில் அந்தப் பதினொன்றையும் விட்டுவைத்தார்.

மேலிடம் பூரித்துப்போனது. நூற்றுக்கு எண்பத்தொன்பது பங்கு காலியான நிலம், அதுவும் ஒரே துண்டாக. தொட்டி வரவில்லை. நாற்பதாயிரம் மரக்கன்று வந்தது, நாற்பதாயிரம் குழி தோண்டினார்கள், சுற்றிலும் முள்கம்பி கட்டினார்கள். ஆடுகள் உள்ளே நுழைந்தால் தண்டனை என்று ஒரு பலகை வைத்தார்கள். ஆடுகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அதில் ஆட்டுப் படமும் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார்கள். நல்ல நிலத்தைத் தேடிக் கொடுத்ததற்காகப் புல்லெண்ணிக்கு மேற்பார்வையாளர் பதவியும் ஒரு சுழல்நாற்காலியும் கிடைத்தன.

கம்பி கட்டி முடித்த அன்று அண்ணன் மந்தையோடு வந்து அந்தப் பலகையைக் கொஞ்சநேரம் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. நான்கு நாள் நடை தூரத்தில் அறுவடை முடிந்த வயல்கள் இருக்கின்றன, அங்கே போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். மந்தை ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் மறைந்துவிட்டது. தூசி மட்டும் மூன்று நாள் அந்த இடத்தில் நின்றது. போக மனசு வரவில்லை போலும்.

நாற்பதாயிரம் கன்றின் கதையும் சுருக்கமானது. முதல் கோடையிலேயே முக்கால்வாசி கருகிவிட்டன. மிச்சம், பாறையில் வேர் முட்டி வளரவும் முடியாமல் சாகவும் கூச்சப்பட்டுக்கொண்டு முழங்கால் உயரத்தில் நின்றன. காகிதத்தில் நாற்பதாயிரமும் உயிரோடு இருந்தன. சில இடங்களில் குட்டிகூடப் போட்டிருந்தன. குழி தோண்டிய பக்கம் தூர்கள் பெயர்ந்து போயின. தோண்டாத பக்கம் கடிக்க வாயில்லாமல் பழைய புல்தாள் சாம்பல் நிறத்தில் மண்டி, அடியில் புதுத்தளிர் மூச்சு முட்டிக் கிடந்தது. அந்த வெளியிலிருந்து செங்குத்தாகப் பறந்து ஏறிப் பாடிக்கொண்டிருந்த வானம்பாடிகள் ஒரு நாள் ஏறிப் போயின. இறங்கி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் புல்லெண்ணி அண்ணனுக்குப் போன் போடுவார். “வெயில் ஜாஸ்தி”, “ஆடெல்லாம் சரி” என்று இரண்டு வாக்கியம் வரும். மூன்றாவது வருவதற்குள் இவர் முந்திக்கொண்டு, போனைக் கொஞ்சம் மந்தைப் பக்கம் நீட்டச் சொல்வார். முந்நூறு வாய் மெல்லுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். இடையில் மூத்த பெட்டையின் இருமல் கேட்டால், அன்று முழுதும் வீட்டில் அவர் பேச்சில் ஒரு இதம் இருக்கும்.

ஒரு ஞாயிறு அண்ணன் கொஞ்சம் நீளமாகப் பேசினார்.

“இந்த ஈர மண்ணு ஒத்துக்கல தம்பி. குளம்பெல்லாம் அழுகுது. மழை பிடிச்சதும் மந்தையை வித்துரலாம்னு இருக்கேன். ஒரு கிடங்குல காவலுக்கு ஆள் கேக்கறாங்க.”

“வித்துட்டா?”

“வித்துட்டா என்ன. வாசல்ல உக்காந்திருக்க வேண்டியதுதான்.”

போனை வைத்துவிட்டு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மந்தை விற்றுப்போனால் அண்ணன் இந்தப் பக்கம் வர ஒரு காரணமும் இருக்காது. மழைக்கு ஐந்து வாரம் இருந்தது. மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவள் ஒன்றும் கேட்டதில்லை. அன்றைக்கும் ஏறிட்டுப் பார்க்காமலேதான் சொன்னாள்.

“உங்கண்ணன் ஒண்ணும் மழை இல்லாம போகலைங்க. பென்சில்ல எழுதினதுதானே, அழிக்கிறதுக்கென்ன?”

“அழிச்சா நாற்காலி போயிரும்.”

“அதுல உக்காந்து என்னத்தைக் கண்டீங்க. அரைச் சுத்து சுத்தி, மறுபடியும் ஜன்னலைத்தான் பாக்கறீங்க.”

மறுநாள் காலை புல்லெண்ணி பரணிலிருந்த இரும்புச் சட்டத்தை இறக்கித் துடைத்தார். கம்பி போதாமல் வேலிக்கு வெளியே விட்டுவிட்ட துண்டு ஒன்று இருந்தது. முயல்களும் வழிப்போக்கு ஆடுகளும் கடித்துவைத்திருந்த இடம். அங்கே முதுகைக் காட்டி நின்று நூறு தடவை வீசினார். பிறகு வேலிக்குள் போய் நூறு. தோள்பட்டை வீங்கிப்போய் அடுத்த ஒரு வாரம் வலது கையாலேயே பல் துலக்கினார். அவர் எப்போதும் வலது கையால்தான் துலக்குவார் என்பது வேறு விஷயம்.

நோட்டை எடுத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குப் போனார். மேலதிகாரி ஒரு பெண்மணி. கண்டிப்பானவர், கோப்புகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற வினோதப் பழக்கம் உள்ளவர். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலிக்கு வெளியே முப்பத்தெட்டு, உள்ளே பதினான்கு என்று இவர் சொன்னதும் அவர் பழைய அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மரம் நடறதுக்கு முன்னாடி பதினொண்ணு. இப்போ பதினாலு. மூணு கூடியிருக்கே. நல்ல விஷயம்தானே?”

புல்லெண்ணி எழுதிய பொய் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்ல வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி அனுப்பாமல் உண்மைக்கு உட்கார இடமில்லை.

“அந்தப் பதினொண்ணு பொய் மேடம். நான்தான் பாத்துப் பாத்து எறிஞ்சேன். அதுக்கு முந்தின வருஷம் முப்பத்தெட்டு.”

அவர் முந்தைய வருடக் கோப்பைப் புரட்டினார். முப்பத்தெட்டு என்றுதான் இருந்தது.

“ஒரே வருஷத்துல முப்பத்தெட்டு பதினொண்ணாகியிருக்கு. யாருமே ஏன்னு கேக்கலியா?”

“ரெண்டையும் சேத்து யாரும் படிக்கல மேடம்.”

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அண்ணனுக்கு ஒரு தண்ணீர்த்தொட்டி கிடைக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார். மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இவரையே பார்த்தார். இருபது வருட வேலையில் அவர் பலவிதமான ஊழலைப் பார்த்திருந்தார். தொட்டிக்காக ஒருவர் செய்த ஊழல் எந்தப் பிரிவிலும் அடங்கவில்லை.

“சரி, முப்பத்தெட்டுன்னே வச்சுக்குவோம். அப்பவும் அறுபத்திரண்டு காலிதானே?”

புல்லெண்ணி ஒரு குடம் தண்ணீரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, அவரை வெளிக்கு அழைத்துக்கொண்டு போனார். வேலிக்கு வெளியே இரண்டு தூருக்கு நடுவில், தட்டையாக இறுகிக் கிடந்த வெறும் தரையில் தண்ணீரை ஊற்றினார். தரை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடித் தூரின் காலடியில் போய் நின்றது; அங்கே இருந்த வெடிப்பில் மளமளவென்று இறங்கியது. பக்கத்துத் தூருக்கும் ஒரு ஓடை பிரிந்தது. பிறகு வேலிக்குள் ஒரு மரக்குழி ஓரத்தில் ஊற்றினார். மொத்தமும் குழிக்குள் போனது. குழியில் கன்று இல்லை. இரண்டு அடி தள்ளி இருந்த தூர் காய்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தது.

“காலி இல்ல மேடம். இந்த மண்ணுல அவ்வளவு தள்ளித் தள்ளி இருந்தாத்தான் பொழைக்க முடியும். நடுவுல இருக்கறது புல்லோட பாத்திரம். நாம அதை ஓட்டை போட்டுட்டோம்.”

மேலதிகாரி கீழே உட்கார்ந்து அந்தத் தரையை விரலால் தட்டிப் பார்த்தார். எழுந்தபோது புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டவில்லை.

“இதையெல்லாம் எழுத்துல குடுப்பீங்களா? பதவி போயிரும், தெரியுமில்ல?”

“போகட்டும் மேடம். அந்த நாற்காலி சுத்தற சுத்துல எனக்குத் தலை சுத்துது.”

எழுத்தில் கொடுத்தார். மூன்றாம் வாரம் நாற்காலி போனது. தோளில் சட்டம் ஏறியது. நான்காம் வாரம் வேலியில் ஒரு கதவு வைத்து, சோதனைக்காக இரண்டு வருடம் மேய்ச்சலுக்கு அனுமதி என்று உத்தரவு வந்தது. புல்லெண்ணி ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல் புதன்கிழமையே போன் போட்டார். வாண்ணே, திறந்தாச்சு என்றார். அந்தப் பக்கத்தில் வெகுநேரம் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சனிக்கிழமை மதியம் அண்ணன் வந்தார். பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு துணிப்பை. ஆடு ஒன்றுகூட இல்லை.

இரண்டு பேரும் வெளியைச் சுற்றி நடந்தார்கள். அண்ணன் அங்கங்கே குந்தி, மண்ணை நுனிவிரலால் தொட்டார். பழைய தாளை விலக்கி அடியில் பார்த்தார். குழிகளின் ஓரத்தில் நின்று தலையை ஆட்டினார். தம்பி பின்னாலேயே போனார். அறையில் ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்த பேச்சு தொண்டைக்கு வந்தபோது ஒரு வரிதான் மிஞ்சியது.

“நான்தாண்ணே எழுதினேன். பதினொண்ணுன்னு.”

“தெரியும்டா.”

“யார் சொன்னா?”

“யாரு சொல்லணும். தூர் மேல விழுந்தா உன் சட்டம் சத்தம் போடாது. வெறுந்தரையில விழுந்தா கணீர்னு கேக்கும். அன்னைக்கு காஞ்ச ஓடைக்கு அந்தாண்ட மேச்சிட்டிருந்தேன். பொழுதன்னைக்கும் கணீர் கணீர்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே.”

“எனக்காகத்தான் நீ எதையோ பண்றேன்னு தெரிஞ்சுது. அதை எப்படிடா வேணாங்கறது?”

காற்று கொஞ்சநேரம் வீசாமல் நின்றது. அந்த வெளியில் அது அதுவரை நடந்ததே இல்லை.

அண்ணன் வேலைப் பேச்சுக்குத் திரும்பினார். தோண்டாத பக்கம் பழைய தாளைக் கடித்து எடுக்க ஆள் வேண்டும். அதற்கு முப்பது கிழட்டு ஆடு போதும், லாரியில் அனுப்பி வைக்கிறேன், நீயே மேய் என்றார். தோண்டின பக்கம் இரண்டு மழைக்கு யாரும் வாய் வைக்கக் கூடாது. விதை விழ வேண்டும், தரைக்கு மறுபடி தோல் கட்ட வேண்டும் என்றார்.

“அப்போ நீ?”

“முந்நூறையும் இப்போ இறக்கினா, இருக்கறதும் போயிரும். மந்தையை விக்கல. அங்கேயே மேட்டுப் பக்கமா ஒரு காடு குத்தகைக்குக் கேட்டிருக்கேன். ரெண்டு மழை கழிச்சு வர்றேன்.”

“ரெண்டு மழையா?”

“புல்லுக்கு அவ்வளவு ஆகும். நாம என்ன பண்றது.”

தம்பிக்கு மகிழ்வதா அழுவதா என்று தெரியவில்லை. அண்ணனைத் திரும்ப வரவழைக்கத்தான் நாற்காலியைக் கொடுத்தார். நிலம் திறந்துவிட்டது, அந்த நிலத்தின் மேல் உள்ள பாசத்தாலேயே அண்ணன் திரும்பிப் போகிறார். பஸ் வந்தது. அண்ணன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் நகரும்வரை தம்பியைப் பார்க்காமல் வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது ஆடு வந்து இறங்கியது. மூத்த பெட்டையும் அதில் இருந்தது. முதல் நாளே புல்லெண்ணியின் மேய்ப்பைப் பார்த்துவிட்டு ஒரு பார்வை பார்த்தது. அவர் இரண்டு நாள் யார் முகத்திலும் முழிக்கவில்லை.

ஒரு மழை கழிந்தது. குழிகளின் ஓரத்தில் ஊசி ஊசியாகச் சில தளிர் தெரிந்தன. அந்த வாரம் மேலதிகாரி நான்கு அலுவலகங்களிலிருந்து நான்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளிக்கு வந்தார். ஒவ்வொருவர் கையிலும் அதே படிவம்; தங்கள் பக்கத்தில் காலி நிலம் எவ்வளவு என்று எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் இவர் சொல்வதைக் கேளுங்கள் என்று புல்லெண்ணியை முன்னால் தள்ளிவிட்டார். முப்பது ஆட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் பேசினார்.

“ஒரு இடம் காலின்னு எழுதறதுக்கு முன்னாடி அங்க ஒரு மழைக்காலம் நின்னு பாருங்க. யாரு மேய்க்கிறாங்க, எது தூங்குது, தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாம நட்டா மரம்கூடக் கேடுதான். நம்ம ஆளுக்கு நல்லது பண்றோம்னு கணக்கை மாத்தி எழுதாதீங்க. பாசத்துல எழுதினாலும் பொய் பொய்தான். அது முதல்ல நம்ம ஆளைத்தான் வெளிய தள்ளும். நான் எழுதினேன். எங்கண்ணன் நாலு நாள் நடைக்கு அந்தாண்ட இருக்காரு. இன்னும் ஒரு மழை பாக்கி.”

நான்கு பேரும் படிவத்தை எழுதாமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

நெஞ்சில் வைத்த கையை எடுப்பதற்கு முன் ஒன்று: நிலத்துறையில் புல்லை எண்ணுவதற்கென்று ஒரு பதவி இன்றுவரை கிடையாது.